மூச்சு விட்ட பிணம்

"பொணம் மூச்சு விட்டதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

கண்ணாடிக் கடை சோபாவில் காத்திருந்த வாடிக்கையாளர் அரண்டுபோய் நிமிர்ந்தார். "பயப்படாதீங்க சார், சினிமா விஷயம்," என்றாள் கேஷியர் அக்கா. திங்கட்கிழமை டீ நேரத்தில் அந்தக் கடையில் இப்படித்தான்.

கத்தியவன் லென்ஸை அறுத்து ஃபிரேமில் பொருத்துகிறவன். அவனுக்குக் கடையில் 'தீர்ப்பு' என்று பெயர். தேறாது என்று அவன் சொல்லிவிட்டால் அந்தப் படத்துக்கு மறுபேச்சு கிடையாது. தியேட்டரில் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தவர்தான் வாயைத் திறக்கலாம், மற்றவர்கள் டீ குடிக்கலாம் என்று சட்டம் போட்டதும் அவனேதான்.

"வீடே அழுவுது. இது பாட்டுக்கு நெஞ்சைத் தூக்கித் தூக்கிப் போடுது. செத்த மனுஷன் மாதிரியா இருக்கு? ஃபுல் கட்டு கட்டிட்டுத் தூங்குற மாதிரி இருக்கு!"

நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, மார்பை ஏற்றி இறக்கி நடித்தும் காட்டினான். சிரித்த சிரிப்பில் கண் பரிசோதகருக்கு டீ புரையேறியது.

அக்கா சிரிக்கவில்லை. "நானும் நேத்து பார்த்தேன். எனக்கு அதெல்லாம் தெரியலைப்பா. அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு அழுகையே வந்துச்சு."

"முகத்தையா பார்க்கறது? மூச்சைப் பாருங்கக்கா!"

"சரி, கடைசியில என்னதான் ஆகுது?" என்றார் பரிசோதகர்.

"அதைச் சொல்லிட்டா நீங்க பார்க்கறப்ப சுவாரசியம் போயிடும் சார்," என்று சமாளித்தான். ஆனால் காது மடல் சுட்டது.

சுடாமல் என்ன செய்யும்? ஐயா படத்தைப் பார்த்தால்தானே! சினிமா பக்கமே தலைவைத்துப் படுக்காத அவன் அப்பா, சனிக்கிழமை அதிசயமாக ஒரு டிக்கெட்டைக் கொண்டுவந்து, "போய்ப் பார்த்துட்டு வாடா" என்று கையில் திணித்தார். போனான். தியேட்டர் வாசலில் நின்று போனைத் திறந்தால், எவனோ ஒருவன் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தான். பிணத்தின் மார்பை மட்டும் பெரிதாக்கி, சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு ஒரு துண்டு வீடியோ. திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரித்தவன், இந்த மொக்கைக்கு உள்ளே வேறு போக வேண்டுமா என்று நண்பன் வீட்டுக்குக் கேரம் ஆடப் போய்விட்டான்.

வீடு திரும்பியபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "எப்படிடா இருந்துச்சு? அந்தச் சாவு வீட்டு சீன்?"

"சூப்பர்ப்பா. அழுதுட்டேன்."

அப்பா அவன் தோளைப் பிடித்து அழுத்தினார். ஏதோ சொல்ல வந்து, தலையாட்டிவிட்டு உள்ளே போனார். கூசத்தான் செய்தது. தூங்கி எழுந்ததும் அதுவும் போய்விட்டது.

கடையின் கண்ணாடிக் கதவு திறந்தது. நினைத்தவரே வந்து நின்றார்.

"ஃபிரேம்ல ஸ்க்ரூ லூசாயிடுச்சுடா," என்றார் அப்பா. அந்தக் கடைக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. மாடிப்படி ஏறியதில் மேல்மூச்சு வாங்கியது. ஆனால் ஸ்க்ரூவுக்காக வந்தவராகத் தெரியவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, வழித்த முகம், அந்த முகத்தில் பாதியை மறைக்கிற சோடாபுட்டிக் கண்ணாடிக்குக் கீழே திட்டுத் திட்டாகப் பவுடர்.

"சினிமா பேசறீங்களா? திங்கட்கிழமைன்னா பேசுவீங்கன்னு என் பையன் சொல்லியிருக்கான். எனக்காக நிறுத்தாதீங்க, பேசுங்க," என்று சோபா நுனியில் உட்கார்ந்தார்.

"வாங்கப்பா! நல்ல நேரத்துல வந்தீங்க," என்றார் பரிசோதகர். "உங்க பையன் அந்தப் பொணத்தை இன்னொரு தடவை சாகடிச்சுட்டான். தீர்ப்பு, அப்பாவுக்கும் ஒருவாட்டி நடிச்சுக் காட்டு!"

அவனுக்குத் திக்கென்றது. அழுதேன் என்று புளுகியது இவரிடம். சிரித்தேன் என்று அளந்தது அவர்களிடம். நடித்தால் அப்பாவிடம் பொய்யன், நடிக்காவிட்டால் கடையில் பேர் போச்சு. பேரைத்தான் காப்பாற்றிக்கொண்டான். கண்ணை மூடி, மார்பை ஏற்றி இறக்கினான். இந்த முறை அவ்வளவு சுகப்படவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

"அழுதேன்னு சொன்னியேடா?"

"அது... அது வேற சீன்ப்பா." அவனால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எங்காவது ஓடி ஒளியலாம் போலிருந்தது. "கண்ணாடியைக் கொடுங்க, முடுக்கித் தரேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். அக்கா கையிலிருந்த பேனா நழுவிக் கீழே விழுந்தது. அந்த வெறும் முகத்தையே பார்த்தபடி எழுந்து நின்றவள், வாயைப் பொத்திக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"மூச்சை அடக்க முடியலை, ஒத்துக்கறேன். ஆனா என் முகத்தை அவ்வளவு நேரம் காட்டினாங்களே, அப்ப நீ எங்கடா போயிருந்தே?"