மச்சாள் வைத்த நேர்த்தி

“சாமியறையைத் திற எண்டு சொல்லுறன்!”

புதுப் பாற்செம்பும் கையுமாக வாசலில் நின்ற சின்னத்தங்கத்தின் குரல் ஒழுங்கை வரைக்கும் போனது. உதயகலா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“பூட்டியே கிடக்கட்டும், மச்சாள்.”

சின்னத்தங்கம், உதயகலாவின் கணவர் குகதாசனின் தமக்கை. கலியாணம் கட்டாதவர். அடுத்த வளவில் தனியாக இருக்கிறார். உடுப்பிட்டி அம்மன் கோயிலில் ஐயர் மணி அடிக்க மறந்தாலும் சின்னத்தங்கம் போய் நிற்க மறக்க மாட்டார். அதே போல, யாருடைய பெயர் காதில் விழுந்தாலும் “அவை ஆர் ஆக்கள்?” என்று சாதி விசாரிக்கவும் மறக்க மாட்டார். தம்பிக்கு ஈரல் பழுது என்று சொன்ன டொக்டரைப் பற்றிக்கூட முதலில் அதைத்தான் கேட்டார்.

குகதாசனுக்குக் கொழும்பில் வேறு ஈரல் வைத்து, வீட்டுக்குக் கூட்டிவந்து ஒரு கிழமைதான் ஆகிறது.

“நாளைக்குத் தேர். நீ தலையிலை பாற்செம்பு எடுக்கவேணும்.”

“நேர்ந்தது நீங்கள். எடுக்கிறது நானோ?”

“ஓமடி, நான்தான் நேர்ந்தனான். ‘புது ஈரலுக்கு இப்ப ரத்தம் விடப்போகினமாம் மச்சாள், பயமாக் கிடக்கு’ எண்டு நீ போனிலை அழேக்கை நான் அம்மாள் வாசலிலை நிண்டனான். ‘ரத்தம் ஓடட்டும் தாயே, அவன்ரை பெண்சாதி பாற்செம்பு எடுப்பாள்’ எண்டு கும்பிட்டன். ஓடிச்சுதோ இல்லையோ?”

“ஓடினது.”

“பிறகென்ன? முந்தநாள் சோதிச்சதிலை ஏதோ கூடியிருக்காம். அவன் யோசிச்சு யோசிச்சுப் படுத்திருக்கிறான். நேர்த்தியை இழுத்தடிச்சு என்ரை தம்பியைச் சாக்காட்டப்போறியோ?”

சின்னத்தங்கம் பாற்செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தாயில்லாத தம்பியைச் சோறு தீத்தி வளர்த்தவர் அவர்.

அந்தப் பயம் உதயகலாவுக்கும் இருந்தது. புது ஈரலை உடம்பு எந்த நேரமும் தள்ளிவிடலாம் என்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனாலும் அவள் அசையவில்லை.

“தேருக்கு நான் வரேலாது.”

“அவனைச் சனத்துக்குள்ளை கொண்டுபோகக் கூடாதெண்டு எனக்கும் தெரியும். உனக்கென்ன வந்தது? முன்வீட்டுக் கஜந்தினியின்ரை கலியாண வீட்டுக்கும் போகேல்லை. ஊர் என்ன கதைக்குது தெரியுமே? அம்மாள் புருசனுக்கு உயிரைக் குடுத்தவ, இவள் அம்மாளுக்கே கதவைச் சாத்திப்போட்டாளாம். விளக்கில்லை, பூவில்லை. செத்த வீடு மாதிரி!”

உதயகலா எழும்பிக் கைத்தூசியைத் தட்டினாள்.

“செத்த வீடுதான், மச்சாள்.”

சின்னத்தங்கம் பதறிப்போய் யன்னலால் எட்டிப் பார்த்தார். குகதாசன் கட்டிலில் நல்ல நித்திரை. நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கியது.

“என்னடி விசர்க்கதை கதைக்கிறாய்?”

“அண்டைக்கு ஒப்பரேசன் தியேட்டருக்குள்ளை நிண்ட நேர்ஸ், எங்கடை அச்சுவேலிப் பிள்ளை, ஜெசிதா எண்டு பேர்…”

“ஜெசிதாவோ? அவை ஆர் ஆக்கள்?”

உதயகலா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“அவள்தான் வெளியிலை வந்து சொன்னவள். ஐஸுக்குள்ளையிருந்து எடுக்கேக்கை ஈரல் வெளிறிப்போய்க் கிடந்ததாம். ரத்தக்குழாயளைத் தைச்சு முடிச்சு, கிளிப்பைக் கழட்டி இவரின்ரை ரத்தத்தை உள்ளுக்கு விட, பிறஷர் சட்டெண்டு விழுந்திட்டுதாம். எல்லாரும் ஒருக்கா நடுங்கிப்போச்சினமாம். பிறகு பிறஷர் ஏற, ஈரல் ஓரத்திலையிருந்து சிவந்து சிவந்து வந்துதாம். அதிலையே பித்தமும் சுரக்கத் தொடங்கிட்டுதாம்.”

“அம்மாளின்ரை செயல்.”

“நானும் அப்பிடித்தான் துள்ளினன். ‘ஈரல் தந்தவரின்ரை வீட்டுக்காரர் எங்கை? கையெடுத்துக் கும்பிடவேணும்’ எண்டன். ‘ஆரெண்டு சொல்லக்கூடாதக்கா. உடம்பை வீட்டை கொண்டுபோயிட்டினம். அங்கை இப்ப செத்த வீடு’ எண்டாள். எனக்குப் பிறகு சந்தோசப்படத் தெரியேல்லை, மச்சாள்.”

சின்னத்தங்கம் பாற்செம்பை மெதுவாக மதிலில் வைத்தார்.

“அந்த மனிசன்ரை ஈரலுக்குள்ளாலைதான் இப்ப இவரின்ரை ரத்தம் ஓடுது. இதுக்கு மேலை என்ன சகோதரம்? ஒண்டைவிட்ட சித்தப்பா செத்தாலே துடக்கெண்டு விளக்கேத்தாமல், கோயிலுக்குப் போகாமல் இருக்கிறம். எங்களுக்கு உயிர் தந்தவர் செத்ததுக்கு நான் எப்பிடிச் சாமியறையைத் திறக்கிறது? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியட்டும். அடுத்த நாளே பாற்செம்பு எடுக்கிறன். அதுவரைக்கும் அம்மாள் பொறுத்துக்கொள்ளுவா.”

சொல்லி முடித்துவிட்டு உதயகலா மச்சாளின் வாயைப் பார்த்தாள். அடுத்து என்ன கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பயந்துதான் இவ்வளவு நாளும் ஊர்ப் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தாள். செத்தவர் என்ன சாதி, என்ன சமயம், தமிழரோ சிங்களவரோ, எதுவும் அவளுக்கே தெரியாது.

சின்னத்தங்கம் வாயைத் திறந்தார். மூடினார். கொண்டையில் இருந்த கோயில் பூவை எடுத்துச் செம்புக்குள் போட்டார். கண் கலங்கியிருந்தது.

“எடி விசரி! தம்பிக்குச் சகோதரமெண்டா எனக்கும் சகோதரமெல்லே? என்ரை துடக்கை எனக்கே சொல்லாமல், இவ்வளவு நாளும் என்னைக் கோயிலுக்குள்ளை விட்டுப்போட்டு நிக்கிறாய்!”