அவுட் ஆஃப் ஸ்டேஷன்

அப்பா அவுட் ஆஃப் ஸ்டேஷன், மார்க்கெட்டிங் எல்லாம் என் தலையில், அதனால்தான் போன வாரம் வர முடியவில்லை என்று ரோஹிணி ஆங்கிலத்தில் தட்டி அனுப்பினாள்.

கல்கத்தாவில், டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்து நெட் கபேயில் மூலைக் கம்ப்யூட்டர் அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அதில் வேறு யாரையும் கடைக்காரர் பாப்பி-தா உட்கார விடுவதில்லை.

 அரட்டை அறையில் முதலில் பதில் எழுதியவர் பம்ப்கின்.

உன் அப்பா ரயில்வே ஸ்டேஷனிலா குடியிருந்தார்? நீ எப்போது விளம்பரக் கம்பெனியில் சேர்ந்தாய்?

பம்ப்கின் அமெரிக்காவில், ஓஹையோவில் லாரி ஓட்டுகிறவர். லாரி என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார், டிரக் என்பார். டர்னிப் இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூட லைப்ரரியில் வேலை பார்க்கும் அம்மாள். லாரி விஷயத்தில் அவர் ரோஹிணி கட்சி.

இவர்களைச் சேர்த்துவைத்தது ஒரு டி.வி. தொடர், வழி தப்பிய விண்கலம் ஒன்றின் சமையல்காரனைப் பற்றியது. இங்கே கேபிளில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதன் ரசிகர்கள் இந்த அரட்டை அறையில் ஆளுக்கொரு காய்கறிப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். ரோஹிணி, லேடீஸ்ஃபிங்கர்.

எந்த லேடியுடைய விரல் என்று சேர்ந்த அன்றே பம்ப்கின் கேட்டார். அவர் ஊரில் வெண்டைக்காய்க்கு ஓக்ரா என்று பெயர்.

அன்றிலிருந்து தொடரைவிட வார்த்தைகளைப் பற்றித்தான் அதிகம் பேச்சு. காருக்குப் பின்னால் டிக்கி என்று அவள் எழுதியபோது, சிரித்துச் சிரித்து டீ கொட்டிவிட்டதாக டர்னிப் எழுதினார். உங்கள் ஊரில் இதை என்னவென்பீர்கள் என்பதுதான் அங்கே வணக்கம்.

நேரில் நாலு பேர் முன்னால் ரோஹிணிக்கு வாய் திறக்காது. பி.எஸ்ஸி. வைவாவில் தெரிந்த பதிலையே விழுங்கியவள். இங்கே அவள்தான் வாயாடி.

மார்க்கெட்டிங்கை விளக்குவது சுலபமாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போவதற்குக் கல்கத்தாவில் அதுதான் பெயர். ஞாயிறுதோறும் அப்பாவின் வேலை அது. வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்து, காய்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டு, பச்சை நைலான் பை நிறைய வருவார் என்று எழுதினாள்.

அந்தப் பை இப்போது வீட்டில் இல்லை என்பதையும், தான் வேறு பை வாங்கியதையும் எழுதவில்லை.

அவுட் ஆஃப் ஸ்டேஷன், அப்பாவே சொல்லிக்கொடுத்தது. மத்திய அரசு உத்தியோகத்தில் இருப்பவருக்கு வேலை பார்க்கும் ஊர்தான் ஸ்டேஷன். அதைத் தாண்ட அனுமதி வேண்டும். சித்தி கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் போகக்கூட அவர் எழுதிக்கொடுத்து, பதில் வந்த பிறகுதான் பெட்டியை எடுத்தார்.

பம்ப்கினுக்கு வார்த்தை மிகவும் பிடித்துவிட்டது. அப்படியென்றால் தான் வருடம் முழுக்க அவுட் ஆஃப் ஸ்டேஷன் என்றார்.

டர்னிப் கேட்டார்: எங்கே போயிருக்கிறார், எப்போது வருவார்?



துர்கா பூஜையிலிருந்து அந்த வார்த்தையைக் கட்டடம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. விஜயதசமிக்கு இனிப்பு கொண்டுவந்த கீழ்வீட்டுப் பெரியவர் போஸ் காகுவிடம், சரஸ்வதி பூஜைக்கு வசூலிக்க வந்தவர்களிடம். எல்லோரும் ஓ என்று தலையாட்டினார்கள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அதற்காகத்தான் அம்மா அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள்.

“யார் கேட்டாலும் அவுட் ஆஃப் ஸ்டேஷன்னு சொல்லு. பொய் இல்லடி, சும்மா ஒரு வார்த்தை.”

அந்த வார்த்தையைக் கேட்டே இராத இவர்கள்தான் கேட்டார்கள்.

டெல்லி, ஆடிட், அடுத்த மாதம் வந்துவிடுவார் என்று தட்டினாள். அழித்தாள். அதை இங்கேயும் சொல்லிவிட்டால், நினைத்ததைப் பேச இன்னொரு இடம் கிடையாது. உண்மையைச் சொல்லி, இவர்களும் ஓ என்று நகர்ந்துவிட்டால் அப்போதும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை ஊர் ஓரத்து நியூ டவுனுக்கு ஒரு இன்டர்வியூவுக்குப் போயிருந்தாள். திரும்பும்போது பஸ், புதுக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு காய்கறிக்கடை அருகில் நின்றது.

அப்பா குனிந்து வெண்டைக்காய் நுனியை ஒடித்துக்கொண்டிருந்தார். காய்காரர் ஏதோ திட்டினார். பக்கத்தில் நின்ற பெண் சிரித்துக்கொண்டே பச்சைப் பையின் வாயை விரித்துப் பிடித்தாள்.

டாக்குரியாவிலிருந்து இரண்டு பஸ். அனுமதி வாங்கத் தேவையில்லாத தூரம்.

“ஆர் போஷ்பென், திதி?” இன்னும் உட்காரப் போகிறீர்களா என்று பாப்பி-தா கேட்டார். தலையாட்டினாள்.

பிறகு தட்டினாள். அவர் அவுட் ஆஃப் ஸ்டேஷன் இல்லை. இதே ஊரில்தான். மார்க்கெட்டிங் போயிருக்கிறார். அக்டோபரிலிருந்து.



 பம்ப்கின் தட்டிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. எந்த ஜோக்குக்கும் அவர் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

எங்கள் ஊரில் இதைச் சிகரெட் வாங்கப் போயிருக்கிறார் என்போம்.

அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது.

என் அப்பா அப்படிப் போனபோது எனக்கு ஒன்பது வயது. அவருக்குச் சிகரெட் பழக்கமே கிடையாது.