அமுக்கராப் பொடிக்கு அடங்காதது

மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டதாக ஈரோட்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் வந்ததுமே தேன்மொழிக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

"நெஞ்சு படபடங்குது. வர வேண்டாம்னு சொல்லிப்போடலாமா?"

"சும்மா இரு. இந்தச் சீரகத் தண்ணியக் குடி," என்று டம்ளரை நீட்டினாள் சுகுணா. "எனக்குக் கல்யாணம் பேசுனப்ப நானும் இப்படித்தான் நடுங்குனேன்."

"காலைல அமுக்கராப் பொடியப் பால்ல கலக்கிக் குடிச்சும் கேக்கலியே!"

"மூச்ச மெதுவா இழுத்து விடு. சரியாப் போயிரும்."

இழுத்து விட்டுப் பார்த்தாள். அடங்கவில்லை.

"ஊரு என்ன பேசும்?"

"பேசிட்டுப் போகட்டும். அவருக்கு உன்னையப் புடிச்சிருக்குது. உனக்கு?"

"புடிச்சிருக்குது," என்றாள் தேன்மொழி, தரையைப் பார்த்தபடி.

ஒரு மணி நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. சுகுணா அவசரமாக மல்லிகைச் சரத்தை எடுத்தாள். தேன்மொழி அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"பூவெல்லாம் எதுக்கு?"

சுகுணா சரத்தைக் கீழே வைக்கவில்லை.

"அப்பா போனதுக்கப்புறம் நீ பூ வெச்சு நான் பாக்கவே இல்லியேம்மா. இன்னிக்கு வெச்சுக்க."

தேன்மொழி பிடியை விட்டாள். மகளுக்கு எட்டும்படி தலையைக் குனிந்து கொடுத்தாள்.