டப்பா அறை

“நீங்க, நான், ஒரியே. மூணே பேருதான். வெளியாள் யாரும் இல்ல. மனசுல இருக்கிறதச் சொல்லிடுங்க, சென்செய்” என்று ஓவியர்களுக்குரிய மரியாதைச் சொல்லால் அழைத்தார் முராசே.

சிகுசா தலை நிமிரவில்லை. “சொன்னா கேக்கவா போறீங்க? நசுனா கடைய மூடமாட்டா.”

டோக்கியோவில் சிறுமியருக்கான மாத இதழ் ஒன்றுக்கு முராசே தலைமை ஆசிரியர். அதில் நான்கு வருடமாகச் சிகுசா வரையும் சித்திரத் தொடரின் நாயகி நசுனா. சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்துபவள். பெரிய வீட்டுப் பையன் ரெய்ஜியைக் காதலிப்பவள். இறுதி அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் இன்னும் முராசேயின் கைக்கு வரவில்லை.

கெடு தப்பும் ஓவியரை அறைக்குள் தள்ளி வெளியே பூட்டுவது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். டப்பாவில் அடைப்பது என்பார்கள். பதிப்பகத்தின் மாடியில் அதற்கென்றே ஓர் அறை இருந்தது. ஜன்னலில் கம்பி. தொலைபேசி கிடையாது. இந்த முறை யாரையும் நம்பாமல் முராசே தானே காலையிலிருந்து காவல் உட்கார்ந்திருந்தார். சாவி உதவி ஆசிரியை ஒரியேயிடம்.

“ரெய்ஜியோட அம்மா ஒரு வார்த்த சொல்றா. நசுனா கடையப் பூட்டுறா. கல்யாணம். இதுல என்ன கஷ்டம்?”

“நாலு வருஷம் கத்தியும் கையுமா நின்னவ சார். ஒரு வார்த்தைக்கு எப்படிப் பூட்டுவா?”

“படிக்கிற பொண்ணுங்க அதத்தான் கேக்குறாங்க.”

“நசுனா சொன்னபடி வச்சும் மீன் குழம்பு ஏன் கசக்குதுன்னு கேக்குறாங்க. ஒரு லெட்டராவது பிரிச்சிருக்கீங்களா?”

“இருபது வருஷமா பத்திரிக நடத்துறேன்!”

“ஒரு முட்ட வேகவச்சிருக்கீங்களா?”

ஒரியே இருமுவதுபோல் வாயைப் பொத்தினாள்.

“நீ போய் டீ கொண்டா” என்று அவளை விரட்டிவிட்டு முராசே குரலைத் தாழ்த்தினார். “இன்னைக்கு வரையலேன்னா உங்களுக்கு இங்க அடுத்த தொடர் கிடையாது. எங்கயும் கிடைக்காமப் பாத்துக்குவேன்.”

சிகுசா புதுத் தாளை இழுத்து வைத்தாள். பிறகு பேனாவை மையில் தோய்த்தாள்.

“மணப்பொண்ணு முக்காடுன்னா மடிப்பு அதிகம். நேரமாகும்.”

“ஆகட்டும்!”

மூக்கு சரியில்லை என்று முகத்தை மூன்று தடவை மாற்றினாள். பென்சில் கோடுகளை முராசேயே உட்கார்ந்து அழித்துக் கொடுத்தார். முரட்டு மாடு நுகத்துக்கு வந்துவிட்டது என்று அவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. மூன்று மணிக்கு மேல் மை காய்ந்தது. வெள்ளை முக்காட்டில் நசுனா தலை குனிந்து நின்றாள். பின்னால் மூடிய கடை.

“எவ்வளவு லட்சணமா இருக்கா பாருங்க!”

“வச்சுக்குங்க. உங்களுக்காகத்தான் வரைஞ்சேன்.”

ஒரியே வந்தாள். கையில் டீ இல்லை. மை வாசம் மாறாத இந்த மாத இதழ் இருந்தது. முராசே கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். நசுனாவின் கடையில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ரெய்ஜி தட்டு கழுவிக்கொண்டிருந்தான். “விளிம்புலயும் தேய்டா!” என்று அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள் அவள்.

“இது... எப்ப...?”

“ஒரியே மூலமா முந்தாநாளே அச்சுக்குப் போயாச்சு சார்” என்று சிகுசா பையை மாட்டிக்கொண்டாள். “இதழ் ஏத்தின லாரி கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அதுவரைக்கும் உங்கள அச்சகத்துப் பக்கம் விடாம வச்சிருக்கத்தான் காலையிலேர்ந்து இங்க உக்காந்திருக்கேன்.”

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுவதற்குள் பெண்கள் இருவரும் வெளியே போயிருந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது. ஒரியே சாவியை இரண்டு சுற்று திருப்பினாள்.