மினுக்குப் பை

ஹபீபா என் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

ஜெபமாலை, ரயில் பாஸ், சீத்தா கேம்ப் கல்யாணப் பத்திரிகை இரண்டு, பாதி கடித்த கடலைச் சிக்கி, பக்கத்து வீட்டுக்கு வந்த கூரியர் கவர். எல்லாம் மேஜை மேல் விழுந்தன.

கவரைக் கொடுக்கத்தான் எடுத்து வைத்திருந்தேன். போன வாரத்திலிருந்து.

மேஜைக்கு அந்தப் பக்கம் மாட்டுங்கா ஜகந்நாதன். செம்பூரில் அவர் வேலை பார்க்கும் கம்பெனியின் பெண்களுக்கு நானூறு கைப்பை வேண்டுமாம். அதற்காகத்தான் தாராவிக்கு, ஹபீபாவின் தோல்பைக் கார்கானாவுக்கு வந்திருந்தார்.

அவர் முன்னால் இரண்டு சாம்பிள் பைகள். ஒன்று ஹபீபா தைத்த அசல் எருமைத் தோல். இன்னொன்று அவர் வேறெங்கோ வாங்கி வந்தது. தோல் கழிவை அரைத்து, பசை போட்டு ஒட்டி, மேலே பெயிண்ட் அடித்த ஷீட். புதிதாக இருக்கும்போது இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். சொல்லப்போனால் ஷீட்டுதான் கொஞ்சம் கூடுதலாக மினுங்கியது. விலையும் பாதி.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா. இந்த ஷீட்லயே தைச்சுக் குடுங்கோ" என்றார்.

"ஷீட்டுல தைக்கிறதுக்கு ஆயிரம் பேரு இருக்காங்க சார். என் பையில உள்ளுக்குள்ள என் பேரு இருக்கும். ஷீட்டுல என் பேரப் போட மாட்டேன்."

அப்படி வீம்பு பேசுகிற நிலைமையிலா இருந்தாள்? மூன்று மெஷினில் இரண்டுக்கு உறை போட்டாயிற்று. இந்த ஆர்டரும் போனால் மூன்றையும் விற்றுவிட்டு அம்பர்நாத்தில் எவனோ ஒருவனிடம் பீஸ் கணக்குக்குத் தைக்கப் போக வேண்டியதுதான்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நானும் என் சிநேகிதி பேராச்சியும் தற்செயலாக வாசலில் நின்றிருந்தோம். முக்கால் மணி நேரமாக.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "தெரசாக்கா, அந்தப் பைய இங்க குடுங்க. பேராச்சிக்கா, நீங்களுந்தான்."

இரண்டும் அவள் கொடுத்த பைகள். இரண்டு வருஷத்துக்கு முந்தின ரம்ஜானுக்கு, ஒரே நாளில். அந்தச் சமயம்தான் அவளிடம் பை வாங்கிக்கொண்டிருந்த பழைய கடைக்காரர்கள் இரண்டு பேர் ஷீட்டுக்கு மாறியிருந்தார்கள். அந்தக் கவலையிலும் இவளுக்குப் பரிசு கொடுக்கத் தோன்றியதே என்று நானே மெச்சினேன்.

எனக்குக் கிடைத்தது முகம் பார்க்கலாம் போன்ற மினுக்குப் பை. பேராச்சிக்குக் கிடைத்தது மங்கலாக, எருமையை எந்த முள் கீறியதோ அந்தத் தழும்போடு கூட இருந்தது. "ஏட்டி, உனக்கு மிச்சம் மீதியில தச்சிருக்கா" என்று சொல்லிக் காட்டினேன். அவளிடம் மட்டுமா சொன்னேன்?

அதிலிருந்து ஹபீபா என்னை எங்கே பார்த்தாலும் முதலில் பையைத்தான் தடவுவாள். அப்புறம்தான் நல்லா இருக்கீங்களா என்பாள். கொடுத்துவிட்டு வயிறெரிகிறாள் என்று முப்பது வீட்டிலாவது சொல்லியிருப்பேன்.

இப்போது இரண்டும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில்.

என் பையின் வார் மடிகிற இடமெல்லாம் வெயிலில் தோலுரிந்த முதுகு மாதிரி இருந்தது. மூலையில் உள்துணி பல்லைக் காட்டியது. ஒரு வருஷமாக முந்தானையால் மூடித்தான் சமாளித்து வருகிறேன். ஜகந்நாதன் ஒரு விரலால் தேய்த்தார். பொடிப் பொடியாக உதிர்ந்து அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டது.

பேராச்சியின் பைக்கு ஒன்றுமில்லை. கை பிடிக்கிற இடம் மட்டும் கறுத்துப் பளிச்சென்றிருந்தது. முள் கீறிய தழும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். போன மழையில் பூஞ்சை பிடித்தபோது துணியால் துடைத்து, சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினாள். அவ்வளவுதான் வைத்தியம்.

ஜகந்நாதன் லேசில் விடுகிறவர் இல்லை. "இவா தெனம் எடுத்துண்டு போயிருப்பா. அவா பீரோவுல பூட்டி வச்சிருந்தா?"

ஹபீபா முதல்முறையாகச் சிரித்தாள்.

"இந்த ரெண்டு பேரும் தனித்தனியாப் போயி யாராச்சும் பார்த்திருக்காங்களான்னு தாராவியில எந்தச் சந்துல வேணாலும் கேளுங்க சார். ஒரே மழை, ஒரே ரயிலு, ஒரே நாப்பது வீடு. ஞாயித்துக்கிழமகூட லீவு கெடையாது."

உறை போடாத மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது. பேராச்சி என்னவோ விருது வாங்கினவள் போல, "ஆமா சார், ஒரு நாளும் வீட்டுல இருந்ததில்ல" என்று சாட்சி வேறு சொன்னாள்.

ஜகந்நாதன் சட்டைக் கையைத் தட்டிப் பார்த்தார். போகவில்லை. பிறகு ஷீட் சாம்பிளை எடுத்துத் தன் கேரி பேக்கில் போட்டுக் கட்டினார்.

"தோல்லயே போடுங்கோ. நானூறு."

ஹபீபா துள்ளவில்லை. நேரே போய் இரண்டாவது மெஷினின் உறையை உருவினாள்.

நானும் பேராச்சியும் எங்கள் சாமான்களைப் பொறுக்கத் தொடங்கினோம். பேராச்சி பையின் மூடியைத் திறந்தாள். உள் சுவரில், அடியோரமாக, ஹபீபாவின் பெயர் அழுத்திப் பதித்திருந்தது. அதற்குக் கீழே, பால்பாயிண்ட் பேனாவில் ஒரு தேதி. அந்த ரம்ஜானுக்கு இரண்டு நாள் முந்தினது.

என் பை இந்த இரண்டு வருஷத்தில் காலியாக இருந்ததே இல்லை. அதனால் நான் உள்ளே பார்த்ததும் இல்லை.

காலிப் பைக்குள் எட்டிப் பார்த்தேன். அதே பேனா, அதே தேதி.

அதற்கு மேலே, பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றுமே இல்லை.