திரை மூலையில் மணி 10:05

நாமகிரிப்பேட்டைக்கு வெளியே, கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தின் கண்ணாடித் தடுப்புக்குள் நான்சி கணினியில் நான்காம் முறையாக கம்பைல் கட்டளையைத் தட்டுகிறாள். எதிரே, பதினெட்டு நாள் முட்டைகளைச் சுமந்தபடி இன்குபேட்டர் ஓசையற்று நிற்கிறது. காலையில் அதை இயக்கும் மென்பொருள் கெட்டுவிட்டது. மூல நிரலை லினக்ஸில் புதிதாக கம்பைல் செய்து, இயந்திர மொழிக்கு மாற்றி ஏற்றினால்தான் ஹீட்டர் உயிர் பெறும். கதவில் ஒளிரும் வெப்பநிலை எண் 36.4-லிருந்து 36.3-க்கு இறங்குகிறது. பிழையைத் திருத்திச் சேமித்தாயிற்று. ஆனாலும் அதே சிவப்பு வரி, அதே இடத்தில். விரலில் செபமாலை மோதிரத்தை உருட்டுகிறாள். முதலாளி வசந்தாமணி பின்னால் வளையல்கூட அசையாமல் நிற்கிறாள். நான்சியின் கண் திரை மூலைக்குப் போகிறது. 10:05. கைக்கடிகாரத்தில் பதினொன்று ஐந்து.

“அக்கா, இதுல மணிய யாருங்க மாத்துனது?”

“நாந்தான் சாமி. வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகு காலம் புடிச்சுருமில்ல. நீ ஒயரு பாக்கப் போனப்ப ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வெச்சேன்.”

“முன்னாடி கம்பைல் ஆனதெல்லாம் பத்தே முக்கால்னு இருக்குதுங்க. நான் இப்பத் திருத்துனது பத்து மணின்னு பதிஞ்சிருக்கு. கம்ப்யூட்டரு பழசுன்னு நெனச்சு இதத் தொடாமலே விட்டுருது. சரியான நேரம் வெச்சு மறுபடி சேவ் பண்ணாத்தான் ஆகும்ங்கக்கா.”

எண் 36.1 என்று மாறுகிறது. வசந்தாமணி மெல்ல நடந்து, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை முகம் சுவரைப் பார்க்கும்படி மாட்டுகிறாள்.

“மாத்து சாமி.”