இரண்டாவது கண்ட்ரோலர்

"அண்ணா, வட்டம் போட்ட பட்டன்! வட்டத்தை அழுத்து! ஐயோ, என் ஆளு உன்னை மிதிக்கப் போறான்!"

திரையில் அவளுடைய குண்டு மல்யுத்த வீரன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். அண்ணனின் வலது கட்டைவிரல் பட்டனைத் தேடித் தடுமாறியது. தங்கை தன் விரல்களை அசைக்காமல் காத்திருந்தாள். ஒரு வழியாக அவன் அழுத்தினான். அவனுடைய ஒல்லிக் கராத்தேக்காரன் எகிறி உதைக்க, குண்டன் மல்லாக்க விழுந்தான்.

"பாத்தியா வாலு! ஒன்றரைக் கையை வச்சுக்கிட்டே உன்னைச் சாய்ச்சுட்டேன்!"

"போ, நீ ஏமாத்தற," என்று அவள் கண்ட்ரோலரைச் சோபாவில் எறிந்தாள்.

உண்மையில் ஏமாற்றியது அவள்தான். தோற்பது ஒன்றும் சுலபமில்லை. சட்டென்று தோற்றால் கண்டுபிடித்துவிடுவான். ஒரு சுற்றில் ஜெயித்து, மறு சுற்றில் இழுபறியாக்கி, கடைசிச் சுற்றில் மயிரிழையில் தோற்க வேண்டும்.

நாலு மாதங்களுக்கு முன் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விளங்காமல் போயிற்று. கட்டட வரைபடம் போடுகிறவனுக்குக் கைதான் எல்லாம். "விரலுக்கு வேலை கொடுக்கணும். அவருக்குப் பிடிச்ச வேலையா இருந்தா நல்லது," என்று பிசியோதெரபி மேடம் சொன்னதும், அண்ணி பரணில் இருந்து அந்த அட்டைப்பெட்டியை இறக்கினாள். அண்ணனும் தங்கையும் பள்ளிக்கூடம் படித்தபோது மாமா ஜப்பானிலிருந்து வாங்கி வந்த சாம்பல் நிற கேம் மெஷின், இரண்டு கண்ட்ரோலர், முப்பது டிஸ்க். எல்லாமே ஜப்பானிய எழுத்து. எந்த வரியை அழுத்தினால் ஆட்டம் தொடங்கும் என்று குத்துமதிப்பாகக் கற்றுக்கொண்டவர்கள் இருவரும்.

தினமும் இரண்டு பஸ் மாறி, சாயங்காலம் சரியாக ஐந்தரைக்குத் தங்கை வந்துவிடுவாள். முதல் மாதம் மீன்பிடி ஆட்டம். தூண்டிலைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அப்புறம் ரயில் ஓட்டும் ஆட்டம். ஸ்டேஷனில் கோட்டுக்கு நேராக பிரேக் போட வேண்டும். அண்ணனின் ரயில் எல்லா ஸ்டேஷனையும் தாண்டிப்போய் நின்றது. பிறகு கார் ரேஸ், அப்புறம்தான் சண்டை.

நடுவில் ஒருநாள், பாழடைந்த பங்களாவில் பிணங்கள் எழுந்து வரும் டிஸ்க்கைப் போட்டார்கள். ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய் பாய்ந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் அலறியதில், சமையலறையிலிருந்து அண்ணி கரண்டியோடு ஓடிவந்தாள். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணி கரண்டியோடு அப்படியே நின்று அவளையே பார்த்தாள்.

தங்கையின் கணவர் இறந்து பத்து மாதம் ஆகிறது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலையை விட்டுவிட்டு, ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தவள், அண்ணனுக்குக் கை போய்விட்டது என்று போன் வந்த அன்றுதான் செருப்பை மாட்டினாள். அதன் பிறகு சும்மா இருக்க நேரமில்லை. கேம் மெஷினின் மெமரி கார்டு பழுதானபோது பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி வேறொன்று தேடிப் பிடித்தாள். கண்ணாடிக் கடை முதலாளி மறுபடி வேலைக்குக் கூப்பிட்டபோது, "அண்ணன் கை சரியாகட்டும் சார், அப்புறம் பாக்கலாம்," என்றாள்.

ஆனால் கை சரியாகிற வழியைக் காணோம். இரண்டாவது மாதம் மளமளவென்று தேறியது, அப்புறம் அங்கேயே நின்றுவிட்டது. அன்றும் நாலாவது ஆட்டத்தில் அவன் கையிலிருந்து கண்ட்ரோலர் நழுவித் தரையில் விழுந்தது.

"காலையில மேடம் வந்தாங்களா அண்ணி? என்ன சொன்னாங்க?"

"வந்தாங்க, வந்தாங்க. இன்னும் கொஞ்சம் நாளாகுமாம்," என்றாள் அண்ணி, கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை விட்டுத் தலையைத் தூக்காமல்.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, நிறுத்தத்தில் பிசியோதெரபி மேடமே நின்றிருந்தார். அவள் விடவில்லை.

"மேடம், மறைக்காமச் சொல்லுங்க. நானும் தினமும் விளையாடறேன், வேணும்னே தோக்கறேன். அண்ணனுக்குக் கை வருமா, வராதா?"

மேடம் விழித்தார். "வருமாவா? அதெல்லாம் எப்பவோ வந்தாச்சே! நான் அவர் வீட்டுக்குப் போறதை நிறுத்தியே ஆறு வாரமாச்சு. காலையில ஆபீஸ் போறார், படம் வரையறார், ஸ்கூட்டர்கூட ஓட்டறார்..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயையோ, சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தார்."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப எதுக்கு என்னை ரெண்டு பஸ் மாறி தினமும் அலைய விடறாங்க? கையிலேர்ந்து கண்ட்ரோலரைக் கீழே வேற போடறான்! என்னை என்ன பைத்தியம்னு நினைச்சானா?"

மேடம் அவள் தோளில் கை வைத்தார்.

"நானும் இதைத்தாம்மா கேட்டேன். 'என் சிகிச்சை முடிஞ்சுது மேடம், என் தங்கச்சிக்குத்தான் இன்னும் கொஞ்ச நாளாகும்'னார்."